அழத் தெரியாத சாட்சி

ஜூலை 3, வியாழன்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று காலை கோர்ட்டு வாசல் தூணில் காரை உரசிவிட்டேன். கூரைமேல் ‘பிச்சையா டிரைவிங் ஸ்கூல்’ என்று மஞ்சள் போர்டு, முன்னால் சிவப்பு எல். ஒளியவும் வழியில்லை. வக்கீல்கள் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் குனிந்து உரசலைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஒரு எட்டு போட்டுக் காட்டிட்டு உள்ள போங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

சிரிக்காத ஒரே ஆள் என் மகள் செண்பகவல்லி. இறங்கி வந்து, மடங்கிப்போன பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி நேராக்கினாள். “வாங்கப்பா, கூப்பிட்டுருவாங்க” என்றாள். அவள் மகளிர் காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள். எத்தனையோ பேர் வழக்குக்காக இந்த வாசலில் நுழைந்தவள், இன்று தன் வழக்குக்கு வந்திருக்கிறாள்.

தீர்ப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் கோமதிராஜ் குற்றவாளி. கொடுமைப்படுத்தியதும் நிரூபணம், இடது மணிக்கட்டை முறித்ததும் நிரூபணம். ஆனால் தண்டனை என்னவென்று இன்று சொல்லவில்லை. நீதிபதி அம்மா ஏதோ பயிற்சிக்கு வெளியூர் போகிறார்களாம். பதினேழாம் தேதி இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொல்வார்களாம்.

திரும்பும்போது அவளை ஓட்டச் சொன்னேன். வழக்கமாக நான் உட்காரும் இடது சீட்டில், பழக வருகிறவர்கள் தப்புப் பண்ணினால் நான் மிதிக்க இரண்டாவது பிரேக் இருக்கிறது. வழி முழுக்க என் கால் அதன்மேலேயே இருந்தது. ஒரு தடவைகூட மிதிக்க வேண்டி வரவில்லை. என்னைவிட அவள் நன்றாக ஓட்டுகிறாள்.

ஜூலை 4, வெள்ளி

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்டு கொடுத்தது. பழக வருகிறவர்கள் நேரம் குறிக்கத்தான் வைத்திருந்தேன். வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாததால் மிச்ச இடத்தில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனவன், எழுத்துப்பிழை இருக்கும். படிக்கப்போகிறவனும் நான்தான், கண்டுபிடிக்க மாட்டேன்.

காற்றுக் காலம். மைதானம் முழுக்கப் புழுதி. முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு செம்மண் நிறமாகிவிட்டது. அதன் மூலையில் ஏற்கெனவே போர்டு எழுதியபோது பட்ட மஞ்சள் பெயிண்ட் வேறு. செண்பகம் பார்த்தால் “இத வச்சுத் தொடச்சா கண்ணாடிக்குத்தான் அழுக்குப்பா” என்பாள்.

இன்று பழக வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் எதிலும் உரசவில்லை.

ஜூலை 5, சனி

வக்கீல் அருள்மணி அம்மா வரச்சொல்லி இருந்தார்கள். என் மகளுக்காக ஆஜராகிறவர்கள். போன வருஷம் என்னிடம்தான் கார் பழகினார்கள். கிளட்சை விடத் தெரியாது. சட்டம் நன்றாகத் தெரியும்.

“அண்ணாச்சி, தண்டனைன்னு வாரப்ப எதிரிகிட்ட ஜட்ஜ் கட்டாயம் கேக்கணும். அடிபட்டவகிட்ட கேக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் மனு போட்டேன். கேக்கேன்னு சொல்லிட்டாங்க. அவ பேசுறதுலதான் இருக்கு.”

“பேசுவாம்மா. அவளுக்குக் கோர்ட்டு என்ன புதுசா?”

“அதான் எனக்குப் பயம். உங்க மக பேசுனா தபால் வாசிக்கிற மாதிரில்லா இருக்கு. ஜட்ஜு மனசுல ஒரு படம் இருக்கும் அண்ணாச்சி. அடிபட்ட பொம்பளைன்னா இப்படித்தான் இருப்பான்னு. உங்க மக அந்தப் படத்துல இல்ல. அஞ்சே முக்கால் அடி உயரம், தலையத் தூக்கிட்டு நிக்கா.”

“ஜட்ஜும் பொம்பளைதானம்மா?”

“அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்கே தெரியாது. சேலை கட்டி வரச்சொல்லுங்க. யூனிபார்ம் வேண்டாம். சத்தத்தக் கொறச்சு பேசணும். கண்ணு கலங்கணும்.”

“கலங்கலன்னா?”

“காயம் ஆறிட்டுன்னு எழுதிருவாங்க.” சொல்லிவிட்டு அவர்களே முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். “எனக்கும் இதச் சொல்லப் பிடிக்கல. போன மாசம் ஒரு ஆளு. பொண்டாட்டி கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சிய முதுகுல ஊத்திட்டா. கூண்டுல ஏறி அழுதாரு. சனம் பூராச் சிரிச்சுது. ஆம்பள அடி வாங்குனேன்னு அழுதா சிரிப்பு வருது. அடிச்சது தப்புன்னு அழுதா இரக்கம் வருது. என்னத்தச் சொல்ல.”

வடிகஞ்சி என்றதும் எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சரியாகச் சொன்னால் அவன் இரண்டு வருஷம் உள்ளே போவான். இல்லையென்றால் ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜாமீனில் விட்டபோது அவள் குடியிருக்கும் தெருவுக்குள் அவன் வரக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார்கள். கேஸ் முடிந்தால் அந்தக் கட்டளையும் முடியும். அவன் வேலை பார்த்த ரேஷன் கடை அந்தப் போலீஸ் குடியிருப்புத் தெருமுனையில்தான். பொழுது விடிந்தால் அவன் முகம்.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அவளைக் கேட்டது ஞாபகம் வருகிறது. “போலீஸ் செலக்சன்ல குண்டு எறியிறதுல பாஸ், ஓட்டத்துல பாஸ். என் கட்சிக்காரர் எடை அம்பத்து மூணு கிலோ. உங்கள அவர் அடிச்சார்னு நம்பச் சொல்லுதீங்களா?” அவள் நேராக நின்று சொன்னாள். “ஐயா, திருப்பி ஒண்ணு வச்சிருந்தா நான் போலீஸ். பேப்பர்ல வந்திருக்கும், வேலை போயிருக்கும். அதனால பொண்டாட்டியா வாங்கிக்கிட்டேன்.”

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படிப் பேசியதுதான் தப்பு என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஓசூரிலிருந்து சுப்புத்தாய் போன் பண்ணினாள். என் சம்சாரம். மகன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனவள், கேஸ் தொடங்கியதிலிருந்து ஊர்ப்பக்கம் வரவில்லை. தெருவில் ஆளாளுக்குக் கேட்பதற்குப் பதில் சொல்ல அவளால் முடியாதாம். என்னால் முடியும் என்று யார் சொன்னார்களோ.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன?”

“சோறு.”

“சோத்துக்கு என்ன?”

கொஞ்ச நேரம் பேரன் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், “பதினேழாந் தேதி அவ கூடவே நில்லுங்க. நீங்கதான பாத்து முடிச்சீங்க” என்றாள்.

அது உண்மை. கோமதிராஜ் என்னிடம் கார் பழக வந்த பையன். ஒருநாள் ரயில்வே கேட் பக்கம் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. பழகுகிறவர்கள் அலறுவார்கள், இல்லையென்றால் அடித்துப் பிடித்து மிதிப்பார்கள். அவன் பதறாமல், பூப்போல அழுத்தி நிறுத்தினான். டேஷ்போர்டில் இருந்த டீ தளும்பக்கூட இல்லை. ஆட்டுக்குட்டி போகும்வரை காத்திருந்து, “போ, போ” என்றான். அன்று வீட்டுக்கு வந்து சுப்புத்தாயிடம் சொன்னேன்: “இப்படிப் பிரேக் போடுதவன் கைநீட்ட மாட்டான்.”

ஜாதகம் பார்த்துக் கொடுக்கிறார்கள், சம்பளம் பார்த்துக் கொடுக்கிறார்கள். பிரேக் பார்த்துப் பெண் கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜவுளிக்கடைக்குப் போனேன். சேலை எடுக்கத் தனியாகப் போனது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கடைப் பெண், “என்ன விசேஷம் அண்ணாச்சி? கல்யாணமா, சடங்கா, வளைகாப்பா?” என்றாள்.

“விசேஷம்னு இல்ல. அமைதியா ஒரு கலர்.”

“அமைதியான்னா?”

“பாத்தா பாவமா இருக்கணும்.”

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்து வந்தாள். மூன்று ஆடியாக விற்காமல் கிடந்ததாம். தள்ளுபடியும் உண்டாம்.

சாயங்காலம் குடியிருப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செண்பகம் பிரித்து மடியில் போட்டுப் பார்த்தாள்.

“யாருக்குப்பா கருமாதி?”

“வக்கீலம்மா சொன்னாங்க பிள்ள.”

சிரித்தாள். பிறகு சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து, யூனிபார்ம் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள். மடிக்கும்போது இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னது சரிதான். விரலுக்கு அது தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

டூட்டி முடிந்து மைதானத்துக்கு வந்தாள். பழக வந்தவர்களை அனுப்பிவிட்டுக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே புழுதி சுழன்று அடித்தது.

“ஒருக்கா சொல்லிப் பாப்போமா?” என்றேன். நான்தான் ஜட்ஜ். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். “என்னம்மா, தண்டனை பத்தி என்ன சொல்லுத?”

“கனம் நீதிபதி அவர்களுக்கு, மேற்படி எதிரியானவர்…”

“மேற்படி வேண்டாம் பிள்ள. மேற்படின்னா எப்படிக் கண்ணீர் வரும்?”

மறுபடி தொடங்கினாள். முகத்தைக் கோணிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். தும்மல்தான் வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துச் சிரித்து என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. “நீங்க வேணா எனக்குப் பதிலா ஏறுங்கப்பா” என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஸ்டேசனுக்கு வார பொம்பளைங்க அழுவாங்க. அழுதா என்ன சொல்லுதாங்கன்னு வெளங்காது. வாக்குமூலம் எழுத முடியாது. நான்தான் சொல்லுவேன், அம்மா அழாமச் சொல்லுங்க, தேதி சொல்லுங்க, எந்தக் கையால அடிச்சாருன்னு சொல்லுங்கன்னு. அவங்களும் முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் சொல்லுவாங்க. எத்தனை பேருக்கு அழுகைய நிப்பாட்டி விட்டிருக்கேன். இப்ப எனக்குன்னு கேட்டா வரமாட்டேங்கு.”

துண்டால் முன் கண்ணாடியைத் துடைத்தேன். உள்பக்கம் அழுக்கே இல்லை.

ஜூலை 12, சனி

பழக வந்தவர் ஒருவர்தான்.

மத்தியானம் கோமதிராஜ் மைதானத்துக்கு வந்தான். நான் காரில் இருந்தேன். கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான், முன்பு பழகின அதே மாதிரி. “மாமா” என்றான். அவன் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இவன் உள்ளே போனால் கூட்டிப்போக ஆள் இல்லை. “அவ ஒரு வார்த்தை மன்னிச்சிட்டேன்னு சொன்னாப் போதும் மாமா. என் புத்தி கெட்டுப்போச்சு” என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். இடது கண்ணைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவான், பிறகு வலது கண்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான். செண்பகத்திடம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காற்று. கண்ணாடி துடைக்கத் துண்டு இல்லை. வேட்டி நுனியால் துடைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

செண்பகம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தாள். புளிக்குழம்பு வைத்திருந்தேன். இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போல. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

கை கழுவும்போது, “உள்ள போட்டாங்கன்னா கொஞ்ச நாளைக்கு நல்லாத் தூங்குவேன்பா” என்றாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே காரியம் அது. நானும் பெரிய மனிதன் மாதிரி, “போடுவாங்க, போடுவாங்க” என்றேன். ஜட்ஜுக்கு நான்தான் பிரேக் சொல்லிக்கொடுத்தேன் பாருங்கள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருவில் வேப்பிலைத் தோரணம், கோயில் மைக் செட்டு அதிகாலையிலேயே தொடங்கிவிட்டது. கல்யாணம் ஆன முதல் ஆடிக்கு இதே காரில்தான் அவளைச் சீரோடு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

சாம்பல் சேலை கட்டியிருந்தாள். கொண்டை மட்டும் போலீஸ் கொண்டை. கோர்ட்டுத் தூணை இந்தத் தடவை நான் உரசவில்லை. காரை நிறுத்தியும் அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்து, மடங்காத விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“என்ன பிள்ள?”

“ராத்திரி பூராத் தூக்கம் இல்ல. இன்னிக்கு வந்துரும்னு நெனைக்கேன்.” குரல் உடைந்திருந்தது. “நடிக்கணும்னு இல்ல. தானாவே வருது. நீங்க கவலப்படாதீங்க.”

நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணோரம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு தகப்பன் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். சந்தோஷப்பட்டேன்.

முதலில் எதிரியைக் கேட்டார்கள். கோமதிராஜ் கூண்டில் கை கூப்பி நின்றான். “அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக என்னை விட்டா நாதியில்ல” என்று தொடங்கி உடைந்து அழுதான். நல்ல அழுகை. பின் பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி உச்சுக்கொட்டினாள். இடது கண்ணைத் துடைத்தான், கொஞ்சம் நிறுத்தினான், பிறகு வலது கண். எனக்கு மைதானம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் ஒத்திகைக்கு வந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. மூலையில் மஞ்சள்.

செண்பகம் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேராகப் பார்த்தாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா இதமாகத்தான் கேட்டார்கள். “தண்டனை சம்பந்தமா நீங்க எதுவும் சொல்லணுமாம்மா? இந்தச் சம்பவத்தால உங்களுக்கு என்ன பாதிப்புன்னு சொல்லலாம்.”

அவள் நிமிர்ந்து நின்றாள். குரல் உடையவில்லை.

“இடது மணிக்கட்டு எலும்பு முறிவு அம்மா. ரெண்டு விரல் முழுசா மடங்காது. லத்தி வலது கையிலதான் பிடிக்கேன், அதனால பணிக்கு இடைஞ்சல் இல்ல. ராத்திரி ரோந்து முடிஞ்சு வீட்டுக்கு வாரப்ப, வாசல்ல அவரு செருப்பு கிடக்கான்னு டார்ச் அடிச்சுப் பாப்பேன். செருப்பு கிடந்தா கொஞ்ச நேரம் தெருவுலயே நிப்பேன். இப்ப ரெண்டு வருசமா அவரு அங்க இல்ல. இன்னும் டார்ச் அடிச்சுத்தான் பாக்கேன் அம்மா.”

“வேற?”

“அவ்வளவுதான் அம்மா.”

சொல்லிவிட்டுப் பழக்கத்தில் சல்யூட் அடித்துவிட்டாள். சேலையில். யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா முகத்திலும் லேசாக ஒரு புன்னகை வந்து போனது. அருள்மணி அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மத்தியானம் உத்தரவு வாசித்தார்கள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இது முதல் குற்றம். எதிரியின் தாயார் நோயாளி. அவர் மனம் வருந்துவதை இந்த நீதிமன்றம் நேரில் கண்டது. புகார்தாரர் மனத்திடம் உள்ளவர், தொடர்ந்து பணியில் இருப்பவர். ஆகவே சிறை இல்லை. ஒரு வருஷ நன்னடத்தைப் பத்திரம், அவளுக்கு இழப்பீடு. அப்பீல் போகலாம் என்று அருள்மணி அம்மா சொன்னார்கள். செண்பகம் “பாக்கலாம்மா” என்றாள். ஸ்டேஷனில் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே “பாக்கலாம்”.

டார்ச் அடித்துப் பார்க்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அந்த வாசலுக்கு வாரம் இரண்டு தடவை போகிறவன் நான்.

வெளியே டீக்கடையில் கோமதிராஜ் வக்கீலோடு நின்றுகொண்டிருந்தான். துண்டு தோளில் கிடந்தது. காற்றுக்கு ஒரு முனை பறந்தது. ஒருவன் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. “போலீஸ்காரியையே அடிச்சிருக்காம்லா. கெட்டிக்காரன்தான்.”

காரில் ஏறினோம். சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி ஓட்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்டாள்.

“நான் அழுதிருக்கணுமோப்பா?”

“வீட்டுல தோசை மாவு இருக்கு பிள்ள” என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

பழக வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

அவன் ரேஷன் கடைக்குத் திரும்பி வந்துவிட்டானா என்று பார்க்க அந்தத் தெருப்பக்கம் காரை விட்டேன். பழக வந்த கல்லூரிப் பெண், “சார், இந்த ரூட்டு நேத்தும் போனோம்” என்றாள். “நாளைக்கும் போவோம்மா. வளைவு நல்லா இருக்கு” என்றேன்.

கடை பூட்டியிருந்தது. தெருமுனையில் பைக் மட்டும் நின்றது. அது அவன் பைக் மாதிரி இருந்தது. எல்லாப் பைக்கும் அவன் பைக் மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

செண்பகம் மாறுதல் கேட்டிருக்கிறாள். கன்னியாகுமரிப் பக்கம் எங்கே கிடைத்தாலும் சரி என்றாளாம். எனக்குச் சொல்லும் முன் சுப்புத்தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். சுப்புத்தாய்தான் எனக்கு போன் பண்ணினாள்.

“அடிச்சவன் ஊருல இருக்கான். அடிபட்டவ ஊரவிட்டுப் போறா. இதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சீங்க?” என்றாள்.

பதிலுக்கு ஒரு தமாஷ் சொல்லலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. கேட்டதும் கிடைத்துவிட்டது. நல்ல காரியம் எதுவும் நமக்கு இத்தனை சுருக்கில் நடந்ததில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் மகள்களை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். நான் என் மகளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பெட்டி, ஒரு பக்கெட், யூனிபார்ம் பை. சாம்பல் சேலை பெட்டியில் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. காரில் உட்கார்ந்திருந்தோம். முன் கண்ணாடி முழுக்கப் புழுதி, வெளியே நிற்கிறவர்கள் நிழல் மாதிரித் தெரிந்தார்கள். அவள் இறங்கி, தோள்பையைத் திறந்து ஒரு துண்டு எடுத்தாள். புதுசு, பச்சைக் கட்டம், கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. உதறி, கண்ணாடியை மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல் துடைத்தாள். அவளுக்குப் பத்து வயசில் நான் சொல்லிக்கொடுத்த முறை. உதறி நாலாக மடித்து டேஷ்போர்டில் வைத்தாள்.

“பழசத் தேடாதீங்கப்பா” என்றாள்.

“சரி பிள்ள.”

“இதயாவது யாருக்கும் கொடுத்துராதீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அது ஒன்றுக்குப் பஞ்சமில்லை.

பஸ் வந்தது. பெட்டிகளை ஏற்றினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையாட்டினாள். இடது கையால் ஆட்டினாள், இரண்டு விரல் விறைப்பாக நின்றது. “போனதும் போன் பண்ணு” என்றேன். “புளிக்குழம்புக்கு ஒரு தடவ உப்புப் போட்டாப் போதும்பா” என்றாள். பஸ் நகர்ந்தது.

இடது சீட்டில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓட்ட ஆள் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. கால் பிரேக்கின்மேல் இருந்தது.

அவளிடம் சொல்லாதது இதுதான். துண்டை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை, பிள்ள. நான்தான் கொடுத்தேன். “அழாதய்யா, கண்ணத் தொடச்சிக்கோ” என்று சொல்லிக் கொடுத்தேன்.